அந்தப் பெண்ணுக்கு நீங்கள் யார்?

மருதாள் என்ற பெயரை மாற்றிக்கொள்ளச் சொல்லாதவர்கள் குறைவு. கோயம்புத்தூரில் சட்டக் கல்லூரி விரிவுரையாளராகச் சேர்ந்தபோது முதல்வரே கூப்பிட்டு, "டாக்டர் மருதாள்னு போர்டுல எழுதினா நல்லாவா இருக்கும்?" என்று கேட்டார். "நல்லாத்தானுங்க இருக்கும்" என்று சொல்லி அப்படியே எழுத வைத்தாள். சோமனூரில் நாலு தறி ஓட்டிப் பிழைத்த குடும்பம். அப்பா போன பிறகு அம்மா நல்லம்மாள்தான் தறியைப் பார்த்துக்கொண்டாள். மருதாளுக்கு முப்பத்தைந்து வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதற்கும் யாரிடமும் காரணம் சொன்னதில்லை.

அவளுடைய ஆராய்ச்சி வியாபாரத்தைப் பற்றியது. தொழில் செய்யவும் வணிகம் நடத்தவும் அரசியலமைப்புச் சட்டம் கொடுத்திருக்கும் சுதந்திரம் எவ்வளவு, அதில் அரசாங்கம் எவ்வளவு தூரம் கை வைக்கலாம் என்பதைத்தான் வருஷக்கணக்கில் படித்தாள். நூல் மூட்டைகளுக்கு மாநில எல்லையில் போட்ட ஒரு வரி செல்லாது என்று அவள் எழுதிய கட்டுரையை மில் முதலாளிகள் சங்கம் நகலெடுத்து உறுப்பினர்களுக்கெல்லாம் கொடுத்தது. எங்கே பார்த்தாலும், "நம்ம புள்ளைங்க, பெரிய படிப்பு" என்று எழுந்து நின்று கும்பிட்டார்கள்.

சங்கத்தின் செயலாளர் தங்கவேலு அவளுடைய சொந்தத் தாய்மாமன். உடுமலைப்பேட்டைக்குப் பக்கத்தில் நூல் மில் வைத்திருந்தார். இரண்டாயிரத்து ஏழாம் வருஷம் தை மாதத்தில் ஒருநாள் காலையில் சோமனூர் வீட்டுக்கு வந்தார்.

"வெளிநாட்டுல நம்ம பனியனை வாங்கறவங்க அத்தன பேரும் அடுத்த மாசம் திருப்பூருக்கு வர்றாங்க கண்ணு. மில்லு ஆஸ்டல்ல புள்ளைங்களை அடைச்சு வெச்சிருக்கறோம்னு எவனோ அங்க போய் எழுதிப்போட்டானாம். கூட்டம் போட்டிருக்கறோம். ஆஸ்டல் நடத்தறது சட்டப்படி சரிதான்னு நீ ஒரு கட்டுரை வாசிக்கோணும்."

"சரிதானான்னு பாத்துட்டு எழுதறனுங்க மாமா."

"அதுல என்ன பாக்கறதுக்கு இருக்குது?" என்று சிரித்தார் தங்கவேலு. "வந்து பாரு. நம்ம மில்லுதான? ஒளிக்கறதுக்கு என்ன கெடக்குது?"

உண்மையிலேயே ஒளிப்பதற்கு ஒன்றும் இல்லை என்றுதான் அவர் நினைத்திருந்தார். அடுத்த சனிக்கிழமை மருதாளை அவரே காரில் கூட்டிப்போனார். தென்னந்தோப்புகளுக்கு மேலே மின்சாரக் காற்றாலைகள் சுழன்றுகொண்டிருந்தன. விடுதி சுத்தமாக இருந்தது. இரும்புக் கட்டில்கள், டிவி, முற்றத்தில் ஒரு பிள்ளையார் கோயில். சாப்பாட்டையும் அவள் ருசி பார்த்தாள், நன்றாகத்தான் இருந்தது. பேரையூர், உசிலம்பட்டிப் பக்கமிருந்து வந்த பெண்கள். மூன்று வருஷம் வேலையை முடித்தால் கல்யாணச் செலவுக்கு மொத்தமாக ஒரு தொகை என்பது ஏற்பாடு.

சுற்றுச்சுவரின் மேல் கண்ணாடிச் சில்லு பதித்திருந்தது. கேட்டில் பெரிய பூட்டு தொங்கியது. சாவி வாட்ச்மேனின் இடுப்பில் இருந்தது.

"பாதுகாப்புக்குங்க" என்றாள் விடுதிக் காப்பாளர். "வயசுப் புள்ளைங்க பாருங்க."

"வாரத்துல ஒரு நாளாச்சும் வெளிய போவாங்களா?"

"மாசத்துக்கு ஒருக்கா நாங்களே வேன் வெச்சுக் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போறமுங்க."

தட்டு கழுவும் இடத்தில் நின்றிருந்த ஒரு பெண் மருதாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒல்லியான உடம்பு, விடாத இருமல். பக்கத்தில் போனதும் அவளே கேட்டாள்.

"நீங்க வக்கீலாக்கா?"

"இல்ல. சட்டம் சொல்லித் தர்றேன்."

"அப்ப ஒண்ணு கேக்கவா? என் பேரு நதியா. எனக்குப் பத்தொம்பது வயசு. எனக்குப் பஞ்சு ஒத்துக்கல, வேலைய விட்டுப் போகணும்னா, எங்கப்பா கையெழுத்துப் போட்டுருக்காரு, மூணு வருசம் முடியாம விட மாட்டோம்னு சொல்றாய்ங்க. சட்டப்படி நான் போலாமா, போகக் கூடாதா?"

காப்பாளர் முகம் மாறி, "ஏ, நீ ஷிப்டுக்குக் கெளம்பு" என்றாள். மருதாள் வகுப்பில் சொல்வதைப் போலவே நிதானமாகச் சொன்னாள்: "போலாம். பதினெட்டு வயசு முடிஞ்சவங்களை அப்பா போட்ட கையெழுத்து கட்டாது. நீயே கையெழுத்துப் போட்டிருந்தாக்கூட, வேலையில இருந்தே ஆகணும்னு யாரும் உன்னைப் பிடிச்சு வெக்க முடியாது."

நதியா ஈரக் கையைத் தாவணியில் துடைத்தாள். "அப்ப கேட்டை யாரு தொறக்கணும்?"

காப்பாளர் நதியாவின் தோளைத் தொட்டுத் திருப்பி அனுப்பிவிட்டாள். மருதாள் காரில் ஏறும்போது, சமையல்காரி ராமுத்தாய் மோர் கொடுக்கிற சாக்கில் ஓடி வந்து, "ஒங்க போன் நம்பர் சொல்லுங்கம்மா" என்று கேட்டாள். மருதாள் சொன்னாள். ராமுத்தாய் உதட்டை அசைத்து இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டு உள்ளே போனாள்.

கட்டுரை அந்த மாதக் கடைசியில் முடிந்தது. விடுதி நடத்துவது குற்றமில்லை, நல்ல காரியம்கூட என்றுதான் மருதாள் தொடங்கியிருந்தாள். ஆனால் பூட்டு வேறு விஷயம். ஒப்பந்தத்தை மீறி வேலையை விட்டுப் போகிறவர்மேல் முதலாளி நஷ்ட ஈடு கேட்டு வழக்குப் போடலாம். ஆளைப் பிடித்து வைத்துக்கொள்ள எந்தச் சட்டமும் இடம் கொடுக்கவில்லை. போக விரும்புகிறவரைப் போகவிடாமல் வேலை வாங்கினால் அது அரசியலமைப்பின் இருபத்து மூன்றாம் சரத்து தடுத்திருக்கிற கட்டாய உழைப்பு. இப்படி எழுதி முடித்து, சங்க அலுவலகத்துக்கு அனுப்பிவைத்தாள்.

மறுநாளே திருப்பூருக்குக் கூப்பிட்டார்கள். அலுவலகத்தில் தங்கவேலுவும் சங்கத்தின் வக்கீல் இளங்கோவும் உட்கார்ந்திருந்தார்கள். இளங்கோ மருதாளோடு ஒரே வகுப்பில் படித்தவன், கெட்டிக்காரன்.

"மருதா, முதல் வருஷப் பாடத்தையே மறந்துட்டயா?" என்று ஆரம்பித்தான். "அடிப்படை உரிமை எல்லாம் அரசாங்கத்துக்கு எதிராத்தான். தனியார் மில்லு மேல எப்படி அதை ஏவுவே?"

"எல்லா உரிமையும் அப்படி இல்ல இளங்கோ. தீண்டாமை, கட்டாய உழைப்பு, கொழந்தைத் தொழிலாளர்... இதுக்குப் போட்ட தடையெல்லாம் எல்லாரையும் கட்டும். டெல்லியில ஆசிய விளையாட்டுக்கு மைதானம் கட்டின தொழிலாளிங்க வழக்குல சுப்ரீம் கோர்ட்டு எம்பத்தி ரெண்டுலயே சொல்லிருச்சு. நீயும் நானும் அந்தத் தீர்ப்பை ஒண்ணாத்தான் படிச்சோம்."

"படிச்சோம். அது கூலி பத்தின வழக்கு. பூட்டைப் பத்தி அதுல ஒரு வரி காட்டு."

"இல்ல. அதனாலதான் நான் எழுதறேன்."

தங்கவேலு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "கண்ணு, உங்க வாதமெல்லாம் எனக்கு வேண்டாம். ஊர் ஊராப் போய்ப் புள்ளைங்களக் கூட்டிட்டு வந்திருக்கறோம். பெத்தவங்க எங்கள நம்பி உடறாங்க. கேட்டைத் தொறந்து உட்டா, நாளைக்கு எதுவோ ஒண்ணு ஆச்சுன்னா அவங்களுக்கு யாரு பதில் சொல்றது? அந்தப் பூட்டுப் பத்தின பக்கத்தை மட்டும் எடுத்துப்போடு. பாக்கியெல்லாம் நல்லா இருக்குது."

"அதை எடுத்துட்டா கட்டுரையே இல்லீங்க மாமா."

"எடுக்க மாட்டயா?"

"மாட்டனுங்க."

அவர் குரலை உயர்த்தவில்லை. "சரி. நீ வாசிக்க வேண்டாம்" என்றார். அச்சடித்த நிகழ்ச்சி நிரலில் அவள் பெயர் இருந்த இடத்தில் இளங்கோவின் பெயர் வந்தது. மருதாள் கட்டுரையை ஒரு எழுத்துக்கூடக் குறைக்காமல் சட்ட ஆய்விதழ் ஒன்றுக்கு அனுப்பினாள். தன் பங்கு அத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தாள்.

பத்து நாள் போயிருக்கும். வகுப்பு முடிந்து வெளியே வந்தபோது போன் அடித்தது. உடுமலைப்பேட்டை பஸ் ஸ்டாண்டில் ஒரு ரூபாய் போன் பெட்டியிலிருந்து ராமுத்தாய் பேசினாள். சுற்றிலும் ஒரே ஹாரன் சத்தம்.

"அம்மா, அந்தப் புள்ள நதியா ஞாயித்துக்கெழமை பையத் தூக்கிட்டு நேரா கேட்டுக்குப் போயிருச்சு. தொறங்கன்னு சொல்லிட்டு அங்கனயே உக்காந்துருச்சு. சாப்பிடக்கூட எந்திரிக்கல. சாயங்காலம் நாலு பேரு சேந்து தூக்கிட்டுப் போயி நோயாளி ரூமுல போட்டுப் பூட்டிட்டாய்ங்க. இன்னும் வெளிய விடல."

"அடிச்சாங்களா?"

"அடிக்கல. ஆனா அது என்னயப் பாத்து என்ன கேட்டுச்சு தெரியுமா? அந்தக்கா போலாம்னுதான சொல்லுச்சுன்னு கேட்டுச்சு."

மருதாள் அங்கேயே நின்று மாமாவுக்குப் போன் செய்தாள்.

"அவங்கப்பன வரச் சொல்லியிருக்குது" என்றார் தங்கவேலு. "அவன் வந்து கூட்டிட்டுப் போறேன்னா கூட்டிட்டுப் போகட்டும். இருக்கட்டும்னா இருக்கட்டும்."

"அவங்கப்பா சொல்றதுக்கு இதுல ஒண்ணும் இல்லீங்க மாமா. அவ மேஜர்."

"நீ சொல்லிக் குடுத்துத்தான இத்தனையும்? உன்னைய உள்ள உட்டது என் தப்பு" என்று வைத்துவிட்டார்.

அன்று மதியமே மருதாள் மில் இருக்கும் பகுதியின் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனாள். அங்கிருந்த அதிகாரி டீ வாங்கிக் கொடுத்து, மரியாதையாகப் பேசி, "இது மில்லு உள்விவகாரம்ங்க மேடம், பேசித் தீத்துக்குங்க" என்று அனுப்பிவைத்தார். திரும்பி வருகிற பஸ்ஸில் அவளுக்கு உடம்பெல்லாம் கொதித்தது. இத்தனை வருஷம் உரிமை உரிமை என்று எழுதியிருக்கிறாள். ஒரு நாள்கூட எந்த உரிமையையும் கையில் எடுத்துக்கொண்டு ஒரு கதவைத் தட்டியதில்லை. முழுநேர விரிவுரையாளர் என்பதால் வக்கீலாக நின்று வாதாட அவளுக்கு அனுமதி இல்லை. ஆனால் சட்டவிரோதமாக ஒருவரை அடைத்து வைத்திருந்தால் அவரை நீதிமன்றத்துக்குக் கொண்டுவரச் சொல்லி யார் வேண்டுமானாலும் ஆட்கொணர்வு மனுப் போடலாம். யார் வேண்டுமானாலும் என்றால் அவளும்தான்.

மறுநாள் காலை ரயிலில் சென்னைக்குப் போனாள். உயர் நீதிமன்றத்தில் மனுவை வாங்கிப் பார்த்த எழுத்தர் கண்ணாடியை இறக்கிவிட்டுக் கேட்டார்.

"அந்தப் பொண்ணுக்கு நீங்க யாரு? அம்மாவா, அக்காவா?"

"யாரும் இல்லீங்க."

"உறவே இல்லாம எதுக்கு மனுப் போடுறீங்க?"

"உறவு இருக்கணும்னு சட்டம் சொல்லலீங்களே."

அவர் மனுவை இன்னொரு தடவை புரட்டினார். எதிர்மனுதாரர் பெயரையும் மனுதாரரின் ஊரையும் பார்த்தார். "எதிராளி உங்களுக்கு..."

"தாய்மாமன்" என்றாள் மருதாள்.

வழக்கு இரண்டு நீதிபதிகள் முன்னால் வந்தது. நதியாவை நேரில் கொண்டுவரப் போலீசுக்கு உத்தரவு போனது. அந்த வாரக் கடைசியில் பெண் காவலர் ஒருவர் அவளைக் கூட்டிவந்தார். அப்பா வீரணனும் வந்திருந்தார். கரிசல் காட்டில் காய்ந்த உடம்பு; அவ்வளவு பெரிய கட்டடத்துக்குள் செருப்பைப் போட்டுக்கொண்டு வரலாமா என்று தெரியாமல் கையில் எடுத்து வைத்திருந்தார். அவரை இளங்கோ தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டான். மருதாள் மனுதாரராகத் தனியே நின்றாள். கறுப்புக் கோட்டுகளுக்கு நடுவே அவள் ஒருத்திதான் சேலையில்.

மில் தரப்பின் மூத்த வக்கீல் எழுந்தார். இது தொழிற்பயிற்சி ஒப்பந்தம் என்றார். தகப்பனார் சம்மதித்திருக்கிறார் என்றார். மனுதாரர் அந்தப் பெண்ணுக்கு முன்பின் தெரியாதவர், மில் உரிமையாளரின் அக்காளோ தங்கையோ பெற்ற பெண், இது ஒரு குடும்பச் சண்டை என்றார். கடைசியாக, அடிப்படை உரிமையைத் தனியார்மேல் கோர முடியாது என்றார்.

மூத்த நீதிபதி மருதாளைப் பார்த்தார். "குடும்பச் சண்டையா?"

"மனு போடற வரைக்கும் சண்டை இல்லீங்க. இனிமேல் வரும்" என்றாள் மருதாள். "எங்க மாமா அனுப்பற நூல் எந்த ஊருக்கும் தடையில்லாமப் போகணும்னு வாதாடி எழுதினவ நான். அதை இன்னைக்கும் மாத்திச் சொல்ல மாட்டேன். நூலுக்கு இருக்கிற சுதந்திரம் அதை நூற்கிற பெண்ணுக்கு இல்லைன்னு எந்தச் சட்டத்துலயும் நான் படிச்சதில்லை."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். நீதிபதி கையை உயர்த்தி அமர்த்திவிட்டு, நதியாவைப் பக்கத்தில் வரச் சொன்னார்.

"உனக்கு எங்கம்மா போகணும்? சொல்லு. அப்பாகூடப் போறியா? மில்லுக்கே போறியா?"

வீரணன் முந்திக்கொண்டார். "ஐயா, இன்னும் ஒரு வருசந்தாய்யா. கல்யாணத்துக்கு நிக்கிற புள்ளைய்யா. நீங்க ஒரு வார்த்தை சொன்னா இருந்துரும்."

நதியா அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். கண் கலங்கியது. ஆனால் குரல் தெளிவாக வந்தது.

"எங்க போறதுன்னு நான் இன்னும் முடிவு பண்ணலய்யா. அதை நானே பாத்துக்கிறேன். இவுங்க பூட்டி வச்சிருக்கக் கூடாது, அம்புட்டுத்தான்."

இரண்டு நீதிபதிகளும் தலையைச் சாய்த்து ஏதோ பேசிக்கொண்டார்கள். நதியா வயது வந்தவர், தன் விருப்பப்படி எங்கு வேண்டுமானாலும் போகலாம், யாரும் தடுக்கக் கூடாது என்று உத்தரவு சொன்னார்கள். மனு முடித்து வைக்கப்பட்டது.

மருதாள் உட்காரவில்லை. "ஐயா, இருபத்து மூன்றாம் சரத்து தனியார் விடுதிக்குப் பொருந்துமா என்பதையும் தீர்மானிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்."

"அதை இன்னொரு வழக்கில் பார்க்கலாம்" என்று சொல்லி அடுத்த வழக்கைக் கூப்பிட்டார்கள்.

வெளியே வந்ததும் அவளுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. வருஷக்கணக்கில் படித்த கேள்வியை ஒரே வாக்கியத்தில் ஒதுக்கிவிட்டார்கள். நதியா அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. எதிர்ப்புறத்து ஓட்டலில் பூரி வாங்கிச் சாப்பிட்டாள். அப்பாவுக்கும் ஒரு தட்டு சொல்லி அவர் முன்னால் நகர்த்தி வைத்தாள்.

"கோவப்படாதப்பா. திருப்பூர் நல்லூர்ல என் கூட்டாளி இருக்கா, பனியன் கம்பெனில டெய்லரு. அங்கிட்டுப் போறேன். சம்பாதிச்சு நானே கல்யாணம் பண்ணிக்கிறேன்."

"பெரிய மனுசங்ககிட்ட மோதிட்டியேம்மா" என்றார் வீரணன். வெகுநேரம் பூரியைத் தொடவில்லை. பிறகு சாப்பிட்டார்.

மருதாள் அந்த உத்தரவைத் தமிழில் எழுதி நகலெடுத்து ராமுத்தாயிடம் சேர்த்தாள். ராமுத்தாய் அதை விடுதிச் சாப்பாட்டு அறையில் எல்லாருக்கும் கேட்கும்படி ஒரு பெண்ணைப் படிக்க வைத்தாள். அதற்காக அன்றே அவளை வேலையைவிட்டு நிறுத்தினார்கள். "சமைக்கத் தெரிஞ்சவளுக்கு எங்க வேல இல்ல?" என்று சொல்லிவிட்டுத்தான் வெளியே வந்தாளாம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெண்கள் குளித்து, தலைசீவி, கூட்டமாகக் கேட்டுக்கு முன்னால் வந்து நின்றார்கள். யாரும் கோஷம் போடவில்லை. வாட்ச்மேன் முதலாளிக்குப் போன் செய்தார். முதலாளி இளங்கோவுக்குப் போன் செய்தார்.

"தொறந்து விட்டுருங்க" என்றான் இளங்கோ. "இல்லீன்னா அடுத்த மனுவுல இத்தன புள்ளைங்க பேரும் இருக்கும். மருதாளை எனக்குத் தெரியுமுங்க."

கேட் திறந்தது. திறந்தால் மில்லே காலியாகிவிடும் என்று தங்கவேலு பயந்திருந்தார். பெரும்பாலான பெண்கள் உடுமலைச் சந்தையில் வளையலும் பொரியும் வாங்கிக்கொண்டு, பொழுது சாய்வதற்குள் திரும்பி வந்துவிட்டார்கள். மூட்டையோடு போன சிலர் மட்டும் வரவில்லை.

அதற்குப் பிறகு தங்கவேலு சோமனூருக்கு வந்தார். வாசலிலேயே நின்றார்.

"மாமன்னுகூடப் பாக்காம கோர்ட்டுல நிக்க வெச்சுப்போட்டயே மருதா. சங்கத்துல என் மூஞ்சியை எங்க வெச்சுக்கறது?"

"உள்ள வாங்க மாமா."

"வர்ல. நீ தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லு, வர்றேன்."

"சொல்ல மாட்டனுங்க. நாளைக்கு இன்னொரு மில்லுல இப்படின்னாலும் மனுப் போடுவேன்."

தறியை நிறுத்திவிட்டு வந்த நல்லம்மாள், காதில் ஒட்டியிருந்த பஞ்சைத் தட்டியபடி கேட்டாள்: "அண்ணா, நீ ஒண்ணு மட்டும் சொல்லு. அந்தப் புள்ளைய உள்ள போட்டுப் பூட்டுனயா, இல்லியா?"

தங்கவேலு தங்கையைப் பார்த்தார். பிறகு காரில் ஏறிப் போய்விட்டார். அந்த வருஷம் அவர் வீட்டில் நடந்த கல்யாணத்துக்கு மருதாளுக்குப் பத்திரிகை வரவில்லை. நல்லம்மாளுக்கு வந்தது. அவள் போகவில்லை. தனியாக இருக்கும்போது அதற்காக அழுதாள். மருதாளிடம் ஒரு நாளும் குறை சொல்லவில்லை. கல்லூரிக்குப் புகார் போய், முதல்வர் விளக்கம் கேட்டார். மருதாள் உத்தரவின் நகலைக் கொடுத்தாள். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை.

கட்டுரை ஆய்விதழில் வெளிவந்தது. அதை மறுத்து இளங்கோ ஒன்று எழுதினான். நன்றாகவே எழுதியிருந்தான். அதற்குப் பதிலாக அவள் இன்னொன்று எழுதினாள்.

நதியா நல்லூரில் கூட்டாளிப் பெண்களோடு ஒரு அறை எடுத்துத் தங்கினாள். இருமல் மெல்ல மெல்லக் குறைந்தது. மாதத்துக்கு ஒரு தடவையாவது மருதாளுக்குப் போன் செய்வாள். ஆடி மாதத்தில் ஒருநாள் பேசும்போது, "அந்தக் கம்பெனி எப்படி இருக்குது?" என்று மருதாள் கேட்டாள்.

"அதை விட்டுட்டேன்க்கா. வேற எடத்துக்குப் போயிட்டேன்."

"ஏன், சம்பளம் சரியில்லையா?"

"சம்பளமெல்லாம் சரிதான். சூப்பர்வைசர் பாடிக்கிட்டே இருக்காரு, எனக்குப் பிடிக்கல" என்றாள் நதியா.

மருதாள் வாய்விட்டுச் சிரித்தாள்.